அக்காவின் கையைக் காட்டப் போன தங்கை

பெரியவளுக்கும் சின்னவளுக்கும் வயது வித்தியாசம் ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடத்தை வைத்துக்கொண்டு பெரியவள் ஐம்பத்தோரு வருடமாக அதிகாரம் செய்துவந்தாள். சின்னவள் ஏதாவது காரியம் ஆக வேண்டுமென்றால் மட்டும் "அக்கா" என்பாள். மற்ற நேரமெல்லாம் "ஏண்டி"தான்.

முகம், உயரம், குரல், சிரிக்கும்போது இடது கன்னத்தில் மட்டும் விழும் குழி, எல்லாம் ஒன்று. பள்ளியில் இருவரும் வேறு வேறு வகுப்பு. பெரியவளுக்குக் கணக்கு வரும், சின்னவளுக்கு ஓட்டம் வரும். ஆகவே இரண்டு வகுப்பிலும் கணக்குப் பரீட்சையைப் பெரியவளே எழுதினாள். இரண்டு வகுப்புக்கும் சின்னவளே ஓடினாள். ஒரு தடவைகூட மாட்டியதில்லை. அந்தத் தைரியம் இருவருக்கும் ரத்தத்திலேயே ஊறிவிட்டது.

பெரியவளுக்கு வேலை ஒரு பல் கூடத்தில். பல் டாக்டர்கள் வாயை அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதை வைத்து இவள், தண்ணீரில் குழைத்தால் கல்லாக இறுகும் கல்மாவில் தாடை வார்த்து, மெழுகில் ஈறு பிடித்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, பல்செட் செய்து கொடுப்பாள். ஊரில் பாதிப் பேர் என் பல்லைக் காட்டித்தான் சிரிக்கிறார்கள் என்பது அவள் பெருமை. சின்னவள் டிரைவிங் ஸ்கூலில் வண்டி கற்றுக்கொடுப்பவள். கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்து இருக்கையில், தன் காலடியில் தனி பிரேக்கோடு உட்கார்ந்துகொண்டு, நாள் முழுக்க உயிரைக் கையில் பிடித்திருப்பாள். புருஷன் பிரிந்துபோய்ப் பன்னிரண்டு வருடமாயிற்று. அக்கா குடும்பம் இருக்கும் அதே கட்டடத்தில் இரண்டு மாடி மேலே தனியாகக் குடியிருந்தாள்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் காலையில் பெரியவளுக்கு விரல் மடங்கவில்லை. பல் தேய்க்கும் பிரஷ் கையில் நிற்கவில்லை. பத்து மணிவரை கை யாரோ ஒருவருடையதுபோல இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னுடையதானது. ஒரு மாதம் அப்படியே ஓட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ரத்தம் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், முடக்குவாதம் என்றார்கள். உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரனே ஆள் தெரியாமல் சொந்த மூட்டுகளையே அடிக்கிற வியாதி என்று டாக்டர் விளக்கினார். மணிக்கட்டு எலும்பில் எலி கடித்ததுபோல ஒரு சின்னக் குழிவும் விழுந்திருந்தது.

செய்தி தெரிந்ததும் குடும்பத்தில் முதலில் எழுந்த கேள்வி, இது யார் பக்கத்துச் சொத்து என்பதுதான். அத்தை போனில் தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

"இது உங்க அம்மா வழி. எங்க வம்சத்துல எல்லாருக்கும் கை இரும்பு."

அம்மாவின் தங்கையான சித்தி விடவில்லை, அத்தைக்கே போன் போட்டாள். "இரும்பா? உங்க அப்பா கடைசி காலத்துல சட்டை பட்டன் போட முடியாம நின்னாரே, அது என்ன, துரு பிடிச்ச இரும்பா?"

இரண்டு தரப்பும் ஒரு வருடம் பேசாமல் இருந்தன. பெரியவளுக்கு அதில் ஒரு நிம்மதியும் இருந்தது. நலம் விசாரிக்கும் போன்கள் பாதியாகக் குறைந்தன.

டாக்டர் கொடுத்தது வாரத்துக்கு ஒரு நாள் போடும் மாத்திரை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, குடிநீர் வாரியத்தில் குமாஸ்தாவாக இருக்கும் பெரியவளின் கணவர், மாத்திரையை எண்ணித் தட்டில் வைத்துத் தண்ணீரோடு நீட்டுவார். அவள் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து, வாயைத் திறந்தும் காட்டுவாள். வாயின் வரைபடம் முழுக்கத் தெரிந்தவள் அவள். எந்த மாத்திரையை எந்தக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே செருகினால் வெளியே தெரியாது என்பது அவளுக்குத் தொழில் ரகசியம். அவர் திரும்பியதும் மாத்திரை குளியலறைக்குப் போகும். இரண்டரை வருடம் ஒழுங்காக விழுங்கியவள், கடைசி ஐந்து மாதமாகத்தான் இப்படி.

ஐந்து மாதத்தில் விரல் முட்டிகள் வீங்கின. போன தடவை போனபோது டாக்டர் கையைப் பார்த்துவிட்டு, "அடுத்த தடவையும் இப்படியே இருந்தா மருந்தைக் கூட்டிடுவேன்" என்று சொல்லிவிட்டார். அந்த அடுத்த தடவை வந்தபோதுதான் பெரியவள் படியேறி மேலே போனாள். ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல்.

"நாளன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு நீ போறியா?"

"துணைக்கா?" என்றாள் சின்னவள்.

"எனக்குப் பதிலா. மாத்திரையை நிறுத்தி அஞ்சு மாசமாச்சு. என் கையைப் பார்த்தா டாக்டருக்குத் தெரிஞ்சுடும்."

சின்னவள் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தாள். கண்ணில் பழைய ஓட்டப் பந்தய வெளிச்சம் வந்துவிட்டது. ஆனாலும் கேட்டாள்.

"எதுக்குடி மாத்திரையை நிறுத்தின?"

"போட்டா அடுத்த ரெண்டு நாளும் வயித்தைப் புரட்டுது. கூடத்துல அந்த அக்ரிலிக் வாசனை வேற. வாந்தியை அடக்கிக்கிட்டு ஒருத்தருக்கு மேல்வரிசை கட்டினேன். ஒரு பல் கடுகளவு கோணல். அவர் மேடையில பேசுற மனுஷன். இப்ப 'ச' வர்ற இடத்துல எல்லாம் விசில் அடிக்குதாம்."

சின்னவள் சிரித்து முடிக்க இரண்டு நிமிடம் ஆயிற்று.

"டாக்டர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா வேற மருந்து குடுப்பார். அது என்னென்ன புரட்டுமோ. நீ போ. கையை நீட்டு. அமுக்குவார். வலிக்குதான்னு கேப்பார். இல்லைன்னு சொல்லு. அவ்வளவுதான் வேலை."

"அக்கான்னு ஒரு தடவை என்னைக் கூப்பிடு. போறேன்."

பெரியவள் பல்லைக் கடித்தாள். "அக்கா."

சின்னவள் நகப்பூச்சை அழித்து, நகங்களை ஒட்ட வெட்டிக்கொண்டு, அக்காவின் பழுப்புச் சட்டையும் மூக்குக்கண்ணாடியும் மாட்டிக்கொண்டு போனாள். அந்தக் கண்ணாடி அருகில் வைத்துப் பல் நடுவதற்கு என்று செய்தது. அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் தரை ஒரு முழம் மேலே வந்து நின்றது. டாக்டர் அறையில் நுழையும்போதே குப்பைக்கூடையில் ஒரு உதை, எடை பார்க்கும் இயந்திரத்தில் ஓர் இடி.

மூட்டு டாக்டர் சிரிப்பே வராத முகத்துக்காரர். அந்த முகத்தை வைத்து அவர் என்ன நினைக்கிறார் என்று யாரும் கண்டுபிடித்ததில்லை. விரல், மணிக்கட்டு, முழங்கை, தோள், முழங்கால் என்று இருபத்தெட்டு மூட்டுகளையும் வரிசையாக அமுக்கிப் பார்த்தார்.

"வலி?"

"இல்ல டாக்டர்."

"இங்க?"

"இல்ல டாக்டர்."

"இங்கயுமா?"

"பட்டுத்துணி தடவின மாதிரி இருக்கு."

அவர் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுருட்டி, கொஞ்சம் காற்றடித்து, அவள் கையில் கொடுத்து இறுக்கச் சொன்னார். இங்கேதான் சின்னவளின் குணம் காட்டிக்கொடுத்தது. போட்டி என்றால் அவளுக்கு முன்பின் தெரியாது. முப்பது வருடம் கியர் மாற்றிய கை. பிடித்து ஒரு இறுக்கு இறுக்கினாள். முள் கடைசிவரை ஓடி நின்றது.

டாக்டர் முள்ளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வெளியே போய் மூன்று மாணவர்களைக் கூட்டிவந்தார்.

"இந்த அம்மா மூணு மாசத்துக்கு முன்னாடி தண்ணி பாட்டில் மூடியைத் திறக்க முடியலைன்னு சொன்னாங்க. இப்ப பாருங்க."

ஒரு மாணவி நோட்டைத் திறந்துகொண்டு ஆவலாகக் கேட்டாள். "வீட்ல ஏதாவது பயிற்சி செஞ்சீங்களாம்மா?"

"தினமும் ஸ்டியரிங்கை..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஸ்டியரிங் சுத்துற மாதிரி கையைக் காத்துல சுத்துவேன். இடது பக்கம் ஐம்பது, வலது பக்கம் ஐம்பது."

மூன்று பேரும் எழுதிக்கொண்டார்கள்.

டாக்டர் மருந்தைக் கூட்டவில்லை. கைக்குப் புதிதாக ஓர் எக்ஸ்ரே படம் எடுக்கச் சொன்னார். பிறகு கோப்பைப் புரட்டியவர், "உங்களுக்கு ஒரே மாதிரி இரட்டைத் தங்கச்சி இருக்காங்கல்ல? அவங்களுக்கு இந்த வியாதி இல்லையே?" என்று கேட்டார். இரட்டையரில் ஒருவருக்கு மட்டும் முடக்குவாதம் வந்த குடும்பங்களைப் பற்றி ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, இருவருடைய ரத்தமும் வேண்டும் என்றார். "இன்னிக்கு உங்களோடது. அடுத்த வாரம் அவங்களை அனுப்புங்க."

இதைச் சின்னவள் எதிர்பார்க்கவில்லை. மறுத்தால் சந்தேகம் வரும் என்று தலையாட்டினாள். ஆராய்ச்சி நர்ஸ் பாரம் ஒன்றை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள்.

"புகைப் பழக்கம் உண்டா?"

"ச்சீ! கிடையவே கிடையாது" என்றாள் சின்னவள். அக்காவைப் பொறுத்தவரை அது சத்தியமான உண்மை. சின்னவளைப் பொறுத்தவரை, பயிற்சி மைதானத்தில் டயர் குடோனுக்குப் பின்னால் நாளுக்கு ஆறு, மழை பெய்தால் எட்டு. வண்டி பழக வருபவர்கள் சுவரை நோக்கி ஆக்ஸிலேட்டரை மிதிக்கும் தொழிலில் அது இல்லாமல் முடியாது என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். வேறு யாருக்கும் சொன்னதில்லை. இடது கையில் ஒரு குழாய் ரத்தம் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் சின்னவள் சின்னவளாகவே போனாள். நகத்துக்குச் சிவப்புப் பூச்சு, சொந்தக் கண், சொந்த நடை. ஆஸ்பத்திரிக் கூடத்தில் காத்திருந்தவர்களில் இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டு காற்றில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் திருப்பத்தில் கை மேல் கை போட்டுத் திருப்பியது அவளுக்குப் பொறுக்கவில்லை. "கை மேல கை போடாம திருப்புங்க சார்" என்று திருத்திவிட்டு உள்ளே போனாள்.

நர்ஸ் சட்டைக் கையை மேலே தள்ளியவள் அப்படியே நின்றாள். முழங்கை மடிப்பில் போன வார ஊசி பட்ட இடம் நீலம் மாறிப் பச்சையாக இருந்தது.

"உங்க அக்காவுக்கும் இதே இடத்துலதானே எடுத்தேன்?"

சின்னவள் கண்ணை இமைக்கவில்லை. "அதுதாங்க இரட்டைப் பொறவி. அவளுக்குக் குத்தினா எனக்கு நீலம் பாரிக்கும்."

நர்ஸ் பதில் சொல்லாமல் வலது கையில் குத்தினாள். புகைப் பழக்கம் உண்டா என்று மறுபடியும் கேட்டாள். பாரம் எப்படியும் அக்கா கண்ணில் படும் என்ற பயத்தில் சின்னவள் இப்போதும் இல்லை என்றாள். படியிறங்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அக்கா பெயரில் போனதும் தன் ரத்தம், தன் பெயரில் போனதும் தன் ரத்தம்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது பெரியவள் கையை வீசினாள். அவ்வளவு வீசியதற்கே முகம் சுளித்தது. "இரட்டைதானே? ஒரே சட்டியில வெந்தது. எந்தக் கரண்டியில எடுத்தா என்ன?"

பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து வர வேண்டும் என்றார்கள். சேர்ந்து என்பதை நர்ஸ் இரண்டு தடவை சொன்னாள்.

டாக்டர் மேசையில் நான்கு கைகளையும் வைக்கச் சொன்னார். வைத்தார்கள். இரண்டு கை சும்மா கை. மற்ற இரண்டில் முட்டிகள் உப்பி, தோல் பளபளவென்று இறுகிக் கிடந்தது. அவர் அவற்றைத் தொடக்கூட இல்லை. வெளிச்சப் பலகையில் இரண்டு படங்களை மாட்டினார்.

"இது மூணு வருஷத்துக்கு முன்னாடி எடுத்தது. மணிக்கட்டுல எலும்பு அரிச்சிருக்கு, தெரியுதா? இது போன தடவை எடுத்தது. அரிச்ச இடம் வழவழன்னு இருக்கு. அரிச்ச எலும்பு இப்படி மறுபடி முளைச்சா, நான் ஏன் இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன்? ஊர் ஊரா மாலை வாங்கிட்டு இருப்பேன்."

இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு தடவைகூட மாட்டாதவர்கள் ஐம்பத்தோரு வயதில் மாட்டிக்கொண்டார்கள்.

"சரி, அதை விடுங்க. ரத்தத்துக்கு வரேன்" என்று தாளை எடுத்தார். "பெரியவங்க ரத்தம்னு ஒண்ணு, சின்னவங்க ரத்தம்னு ஒண்ணு. கொழுப்பு ரெண்டுலயும் ஏறக்குறைய ஒரே அளவு. சர்க்கரையும் அப்படித்தான். இரும்புச் சத்துகூட. இரட்டையர்னா ஜீன் ஒண்ணா இருக்கும், ஒத்துக்கறேன். சாப்பிட்ட சாப்பாடுகூடவா ஒண்ணு?"

தாளில் இன்னொரு வரியைக் காட்டினார்.

"இன்னொண்ணு. சிகரெட் பிடிச்சா ரத்தத்துல ஒரு மிச்சம் நிக்கும். ரெண்டு குழாய்லயும் அது இருக்கு. ரெண்டு பாரத்துலயும் 'இல்லை'ன்னு எழுதியிருக்கு."

"நான் தொட்டதே இல்ல டாக்டர்!" என்று பெரியவள் துள்ளினாள். துள்ளியவள் பாதியில் நின்று மெதுவாகத் தங்கை பக்கம் திரும்பினாள். சின்னவள் மேலே மின்விசிறிக்கு எத்தனை இறக்கை என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை வருஷமாடி?"

"பதினஞ்சு."

"எங்க வச்சு?"

"டயர் குடோனுக்குப் பின்னாடி."

"புருஷன் இதுக்காகத்தான் போனாரா?"

"அவருக்கு இது தெரியவே தெரியாது. அவர் போனது அவர் சொந்தக் காரணத்துக்கு."

பெரியவளுக்குக் கோபத்தில் குரல் உடைந்தது. "ஏழு நிமிஷம் மூத்தவ நான். என்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உனக்கு?"

"நீங்க மாத்திரையை நிறுத்தினதை யார்கிட்ட சொன்னீங்க?" என்று டாக்டர் தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

அவர் தாளைக் கீழே வைத்தார். முகம் மாறவில்லை. குரல் மட்டும் தணிந்தது.

"இதுவரைக்கும் சிரிக்கலாம். இனிமே கொஞ்சம் கவனமா கேளுங்க." சின்னவளைப் பார்த்தார். "உங்க அக்கா வியாதிக்கு அடையாளமா ரத்தத்துல ஒரு ஆன்டிபாடி இருக்கும். மூட்டை அடிக்கிறதுக்கு உடம்பு தயார் பண்ற ஆயுதம்னு வச்சுக்குங்க. ரெண்டு குழாய்லயும் அது நிறைய இருக்கு. ரெண்டு குழாயும் உங்களோடது."

சின்னவள் தன் கைகளை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு வலியே இல்லையே?"

"இப்ப இல்ல. வியாதி தலைகாட்டுறதுக்குப் பல வருஷம் முன்னாடியே இது வந்து உக்காந்துக்கலாம். சிலருக்குக் கடைசிவரைக்கும் சும்மாவே உக்காந்திருந்துட்டுப் போயிடும்."

"ஆனா எனக்கு வந்துடுச்சே. எங்க ஜீன் ஒண்ணுதானே?" என்றாள் பெரியவள்.

"ஜீன் ஒண்ணுதான். ஆனா ஜீன் மட்டுமே எல்லாம் இல்ல. உங்களை மாதிரி இரட்டையர்ல ஒருத்தருக்கு வந்த நூறு ஜோடியை எடுத்தா, இன்னொருத்தருக்கும் வர்றது கிட்டத்தட்ட பதினஞ்சு ஜோடியிலதான்."

சின்னவளுக்கு மூச்சு வந்தது. "அப்ப எண்பத்தஞ்சு பேர் தப்பிச்சுடறாங்க."

"ஆன்டிபாடியே இல்லாதவங்களையும் சேர்த்த கணக்கு அது. உங்களுக்கு அது இருக்கு. அதுக்கு மேல சிகரெட்டும் இருக்கு. இந்த வியாதிக்கான ஜீன் உள்ளவங்க புகை பிடிச்சா ஆபத்து ஒண்ணும் ஒண்ணும் ரெண்டுன்னு கூடாது, பெருக்கிக்கிட்டே போகும்." பெரியவள் பக்கம் திரும்பினார். "நீங்க கூடத்துல கல்மாவு அரைக்கும்போது முகமூடி போடுவீங்களா?"

"பெரிய ஆளுங்க யாராவது பார்க்க வந்தா போடுவேன்."

"அந்தத் தூசியும் சிலருக்கு இதைக் கிளப்பி விடும்னு சொல்றாங்க. உங்களுக்கு அதுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இனிமே போடுங்க."

பிறகு இன்னொரு தாளைத் திருப்பிக் காட்டினார். முடக்குவாதத்தோடு சம்பந்தப்பட்ட ஜீன்கள் நிறைய உண்டு, அதில் முக்கியமான ஒன்று ஆளுக்கு இரண்டு பிரதியாக இருக்கும், அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்றார். ஒரு பிரதி மட்டும் ஆபத்தான வகையாக இருப்பவர்கள் பலர். இவர்களுக்கு இரண்டுமே அந்த வகை. அப்படி இருந்தால் வியாதி வரும் வாய்ப்பும் கூடுதல், வந்தால் எலும்பை அரிக்கும் வேகமும் கூடுதல். அதனால்தான் பெரியவளுக்கு ஆரம்பத்திலேயே குழிவு விழுந்திருக்கலாம், அதனால்தான் அவள் மாத்திரையைத் துப்பக் கூடாது.

"ரெண்டு பக்கமும் வந்திருக்கா?" என்றாள் சின்னவள்.

"ரெண்டு பக்கமும்."

சகோதரிகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அத்தைக்கு நான்தான் போன் பண்ணுவேன்" என்றாள் பெரியவள்.

"போ. அத்தை எனக்கு. நீ சித்தியை எடுத்துக்க."

டாக்டரின் உதட்டோரம் ஏதோ அசைந்தது என்று சின்னவள் பிறகு சத்தியம் செய்தாள். பெரியவள் நம்பவில்லை.

மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று பெரியவள் கடைசியில் சொன்னபோது, "இதை அஞ்சு மாசம் முன்னாடி சொல்லியிருந்தா ரெண்டு நிமிஷ வேலை" என்றார் அவர். அதே மருந்தை வாரம் ஒரு ஊசியாகத் தோலுக்கடியில் போட்டுக்கொள்ளலாம், பலருக்குக் குமட்டல் குறையும் என்று எழுதிக்கொடுத்தார். கூடவே ஒரு சத்து மாத்திரை. ஆராய்ச்சிக்கு மறுபடி ரத்தம் எடுத்தார்கள். இந்தத் தடவை நர்ஸ் முதலில் பேனாவைத் திறந்து ஒருத்தி முன்கையில் "பெ" என்றும் இன்னொருத்தி முன்கையில் "சி" என்றும் கொட்டையாக எழுதிவிட்டுத்தான் ஊசியை எடுத்தாள்.

பஸ் நிறுத்தம்வரை சின்னவள் தன் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"வலி எப்படி இருக்கும்?" என்று திடீரென்று கேட்டாள்.

மூன்று வருடமாக யார் கேட்டாலும் "பரவாயில்ல" என்று சொல்லிவந்த பெரியவள், முதல் தடவையாக யோசித்துப் பதில் சொன்னாள். "காலையில எழுந்தா ராத்திரி யாரோ கையைக் கழட்டிட்டு ஒரு சைஸ் சின்னதா மாட்டிவிட்ட மாதிரி இருக்கும். வலியைவிட அந்தக் கோபம்தான் ஜாஸ்தி. ஒரு பட்டனுக்கு முன்னாடி நின்னுட்டு அழுதிருக்கேன்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"நீ சிரிப்பேன்னு நினைச்சேன்."

"சிரிச்சுத்தான் இருப்பேன். அப்புறம் பட்டன் போட்டு விட்டிருப்பேன்ல?"

பெரியவள் கையை நீட்டினாள். "அந்தப் பாக்கெட்டைக் குடு."

சின்னவள் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் மாலை அது திரும்பி வந்தது. பெரியவள் பல் கூடத்தில் கல்மாவைக் குழைத்து, பாக்கெட்டை நடுவில் வைத்து, செங்கல் அளவுக்கு வார்த்து இறுக்கி, ஓரமெல்லாம் பளபளவென்று மெருகேற்றிக் கொண்டுவந்திருந்தாள். "உள்ளே ஒன்பது இருக்கு. வேணும்போது உடைச்சு எடுத்துக்க."

இரண்டு நாள் சின்னவள் அந்தக் கல்லோடு பார்வையாலேயே போர் நடத்தினாள். மூன்றாம் நாள் டயர் குடோனுக்குப் பின்னால் வைத்து ஜாக்கிக் கம்பியால் போட்டு உடைத்தாள். கல்லும் சிகரெட்டும் ஒன்றாகத் தூளாயின. புதுப் பாக்கெட் வாங்கினாள், அதையும் பெரியவள் கண்டுபிடித்து வார்த்தாள். விட்டாள், பிடித்தாள், மறுபடி விட்டாள். அந்த நாட்களில் வண்டி பழக வந்தவர்கள்தான் பாவம். கிளட்சை டக்கென்று விட்டவர் ஒருவரை நடுரோட்டில் இறக்கிவிட்டுவிட்டு அவளே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நான்காவது தடவை விட்டது நின்றது.

அத்தையிடம் போனில் விவரம் சொன்னபோது அத்தை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "ரெண்டு பக்கமும்தான், சரி. ஆனா முதல்ல வந்தது உங்க அம்மா பக்கத்துலேருந்துதானே?"

ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னவள் கீழே இறங்கி வந்து அக்காவின் வயிற்று மடிப்பில் ஊசி போட்டாள். வெகு காலமாகக் காத்திருந்த வேலைபோல ஆசையாகப் போட்டாள். பெரியவள் கத்திய கத்தலில் முதல் வாரம் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். கணவர் கூடத்தில் நின்று, "அஞ்சு மாசம் வாயைத் திறந்து காட்டினியே, அப்ப எங்க வச்சிருந்த?" என்பதையே வாராவாரம் கேட்டார். பெரியவள் சொல்லவில்லை. தொழில் ரகசியம். குமட்டல் முழுக்கப் போகவில்லை, அரை நாளோடு நின்றது. நான்கு மாதத்தில் முட்டிகளில் வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் தெரிந்தது. மணிக்கட்டுக் குழிவு அப்படியேதான் இருந்தது, ஆனால் பெரிதாகவில்லை. விசில் அடித்த மேடைப் பேச்சாளருக்குப் புது மேல்வரிசை கட்டிக் கொடுத்தாள், முகமூடி போட்டுக்கொண்டு.

சின்னவளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும் என்று உத்தரவு. ஆன்டிபாடி போகவில்லை. வியாதியும் வரவில்லை. அவள் மட்டும் காலையில் கண் விழித்ததும் கையை மூடித் திறந்து பார்க்கும் ஆளாகிவிட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பெரியவளுக்குப் போன் வந்தது. மேலேயிருந்துதான்.

"விரல் மடங்கல."

பெரியவள் அடுப்பை அணைத்தாள். "எவ்வளவு நேரமா?"

"இப்பத்தான் எழுந்தேன். பத்து நிமிஷம்."

"ரெண்டு கையுமா?"

"வலது மட்டும்."

"வீக்கம்?"

"தெரியல."

"நேத்து என்ன வேலை செஞ்ச?"

"ரெண்டு டயர் மாத்தினேன். நட்டு இறுகிப்போச்சு, கம்பியைப் பிடிச்சு தொங்கினேன்."

"அப்படித் தொங்கினா அந்தக் கம்பிக்கே கை வலிக்கும்" என்றாள் பெரியவள். போனை வைக்கவில்லை. "ஜன்னல் பக்கம் வா. எதிர் வீட்டுக்காரர் வண்டியை வெளியே எடுக்கிறார்."

எதிர் வீட்டுக்காரர் அந்த வாரம்தான் புதுக் கார் வாங்கியிருந்தார். பின்னால் எடுக்கத் தெரியாமல், கதவுக்கும் மின்கம்பத்துக்கும் நடுவில் கோணலாக நின்றுகொண்டிருந்தார். ஒரு ஜன்னலில் பெரியவளும் இரண்டு மாடி மேலே சின்னவளும் காதில் போனோடு எட்டிப் பார்த்தார்கள்.

"என்னடி இப்படிப் பண்றார்?" என்றாள் சின்னவள். "இப்ப இடது பக்கம் ஒடிக்கணும். ஐயோ, அது வலது. சார்! சார்! இடது! முழுசா ஒடிங்க!"

அவர் மேலே பார்த்தார். பார்த்ததில் கால் அழுந்தியது. சின்னவள் போனை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் சைகை காட்டத் தொடங்கினாள். நிறுத்து, வா, இன்னும் வா, சுத்து, சுத்து. ஐந்து விரலையும் விரித்தாள், மடக்கினாள், ஆட்காட்டி விரலால் குத்தினாள். கீழே ஜன்னலில் கழுத்தை முறுக்கி மேலே பார்த்துக்கொண்டிருந்த பெரியவள் காரைப் பார்க்கவே இல்லை. அந்த வலது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டமால் என்று சத்தம் கேட்டது. குப்பைத்தொட்டி உருண்டு ஓடியது.

"பார்த்தியா?" என்று ஜன்னல் விளிம்பிலிருந்த போனைச் சின்னவள் எடுத்துக் கத்தினாள்.

"பார்த்தேன்" என்றாள் பெரியவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பல் கூடத்துக்குக் கிளம்பினாள்.